மினாரி: கிணறு வெட்டிய தந்தையும் ஓடையைத் தேடிப் போன பாட்டியும்

நெய்தல் (நீலாங்கரை)

மினாரி படத்தை நேற்றிரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் அதைக் கொரியாவிலிருந்து அமெரிக்கா போன ஒரு குடும்பத்தின் கதையாகவே எடுத்துக்கொண்டேன். இம்முறைதான், தொடக்கம் முதல் முடிவு வரை அந்தப் படம் தண்ணீரைப் பின்தொடர்ந்தே போகிறது என்பது எனக்கு உறைத்தது. அதைப் பற்றி இங்கே உள்ளவர்களுடன் பேச விரும்புகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயக்குநர் லீ ஐசக் சங் தம் சிறுவயதை ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சிறிய பண்ணையில் கழித்தவர். அந்த நினைவுகளிலிருந்து இந்தப் படத்தை எழுதினார். கதை 1980களில் நடக்கிறது. கலிபோர்னியாவில் கோழிக்குஞ்சுகளை ஆண், பெண் என்று பிரிக்கும் வேலை செய்துவந்த ஜேக்கப், மனைவி மோனிகாவையும் ஆன், டேவிட் என்ற இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆர்கன்சாவில் ஒரு பொட்டல் நிலத்துக்கு வந்து சேர்கிறார். புதிதாக அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருக்கும் கொரியர்களுக்கு அவர்கள் ஊர்க் காய்கறிகளை விளைவித்து விற்க வேண்டும் என்பது அவர் கனவு.

நிலத்தில் நீரோட்டம் பார்ப்பதற்கு உள்ளூர்க்காரர் ஒருவர் குச்சியோடு வருகிறார். ஜேக்கப் அவருக்குப் பணம் கொடுக்க மறுத்து அனுப்பிவிட்டு, மகனிடம் நாம் அறிவைப் பயன்படுத்துவோம் என்கிறார். மரங்கள் எங்கே செழிப்பாக நிற்கின்றன, நிலம் எங்கே தாழ்கிறது என்று பார்த்து இடம் குறித்துத் தாமே கிணறு வெட்டுகிறார். தண்ணீரும் வருகிறது. சில காலத்தில் அந்தக் கிணறு வற்றிப்போகிறது. பயிரைக் காப்பாற்ற அவர் காசு கட்டிப் பெறும் குழாய்த் தண்ணீரை வயலுக்குத் திருப்ப, கடைசியில் வீட்டுக் குழாயும் நின்றுபோகிறது. இதற்கிடையே கொரியாவிலிருந்து வந்த மாமியார் சூன்ஜா, பேரனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, ஓடிக்கொண்டிருக்கும் ஓடை ஒன்றைக் கண்டு, அதன் கரையில் தாம் கொண்டுவந்த மினாரி விதையைத் தூவிவிட்டு வருகிறார். பிறகு அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, களை எடுக்கவில்லை.

மினாரி கொத்தமல்லி, வல்லாரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கீரை. நம் ஊரில் வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை படர்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி விளக்கமின்றியே புரியும்.

நான் இருப்பது கடற்கரை மணலில். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் பதினைந்து, இருபது அடியில் நல்ல தண்ணீர் ஊறியது. ஒவ்வொரு வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்து இழுக்கத் தொடங்கிய பிறகு, எங்கள் கிணற்று நீரில் முதலில் துவர்ப்பும் பிறகு உப்பும் ஏறியதை நான் நாக்கினாலேயே அறிந்தேன். இந்தப் படம் 2019 ஜூலையில் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகருக்கு அருகே படமாக்கப்பட்டது. அதே ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்த முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வற்றிய கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் ஜேக்கப்பின் முகத்தை நான் அந்தக் கோடையில் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

புதிய ஊருக்குப் போகிறவர் அந்த ஊரின் தண்ணீரை எப்படி அணுகுகிறார் என்பதில்தான் அவர் அங்கே நிலைப்பாரா என்பது இருக்கிறது என்று இந்தப் படம் சொல்வதாக நான் கருதுகிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மயிலைவாசி

நெய்தல் ஐயா, தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் உங்கள் பதிவில் மோனிகா ஒரே ஒரு முறை, ஜேக்கப் கூட்டிவந்த மனைவியாக மட்டுமே வருகிறார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர்கள் முதன்முதலில் வந்து இறங்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுக்கு அடியில் சக்கரங்கள் இருக்கின்றன. வாசலில் படிக்கட்டு கிடையாது. ஜேக்கப் மேலே ஏறி நின்று மனைவியைக் கை கொடுத்துத் தூக்குகிறார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. மோனிகா அந்த ஒரு பார்வையிலேயே மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார். காரணம், டேவிட்டின் இதயத்தில் ஓட்டை இருக்கிறது. ஓடாதே, ஓடாதே என்று படம் முழுவதும் அந்தக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இரவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மகனின் நெஞ்சைக் கேட்கும் தாய்க்கு, நிலத்தின் மண் நல்ல மண் என்பது எப்படி ஆறுதலாகும்?

ஓக்லஹோமா நகரத்து மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஜேக்கப் காய்கறிப் பெட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு போகிறார். வெயிலில் வாடிவிடுமே என்று அதை மருத்துவமனைக்குள்ளேயே தூக்கிக்கொண்டு வருகிறார். அன்று இரண்டு நல்ல செய்திகள் வருகின்றன: குழந்தையின் இதய ஓட்டை சுருங்கியிருக்கிறது, கொரியக் கடைக்காரர் ஒருவர் காய்கறிகளை வாங்க ஒப்புக்கொள்கிறார். எல்லாம் சரியாகிவிட்ட அந்த நொடியில், கடைக்கு வெளியே நின்றுகொண்டு மோனிகா இனி தம்மால் முடியாது என்கிறார். பணம் வந்தால்தான் நீ எங்களோடு இருப்பாய் என்றால், பணம் வராத நாளில் நாங்கள் யார் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. முதன்முறை பார்த்தபோது அந்தப் பெண் ஏன் இப்போது போய் இதைச் சொல்கிறார் என்று என் மகனே கேட்டான். இப்போதுதான் சொல்ல முடியும் என்று நான் அவனுக்குப் பதில் சொன்னேன். கஷ்டகாலத்தில் சொல்லியிருந்தால் அது கோபத்தில் பேசியதாகப் போயிருக்கும்.

நான் இதை வெளியிலிருந்து பேசவில்லை. 1998இல் என் கணவர் வளைகுடாவில் சம்பாதித்த பணத்தை எல்லாம் போட்டுக் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். அவருக்கு அது வாழ்நாள் கனவு. அவர் விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு, மூச்சிரைக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவிளக்கு இல்லாத மண்சாலையில் இரவு பதினோரு மணிக்கு ஆட்டோ தேடி நடந்தவள் நான். குழந்தையின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வருவது என் தோளில் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஜேக்கப்பும் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் அவர்கள் இல்லை.

பர்மா பேத்தி (வியாசர்பாடி)

மயிலைவாசி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியாமல் இருந்தேன்.

எனக்கு இந்தப் படம் பாட்டியின் படம். எங்கள் பாட்டி இரங்கூனிலிருந்து வந்தவர். 1964இல் பர்மாவில் கடைகளையும் நிறுவனங்களையும் அரசுடைமை ஆக்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா அரிசி மண்டியில் கணக்கெழுதிச் சேர்த்த பணம் முழுவதும் அந்த நோட்டுகளாகத்தான் இருந்தது. கப்பல் ஏறும்போது துறைமுகச் சோதனையில் நகைகளையும் வாங்கிக்கொண்டார்கள் என்று பாட்டி சொல்வார். மூக்குத்தியைக் கழற்ற வராமல் சோப்பு போட்டுக் கழற்றினார்களாம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அவரிடம் இருந்தது ஒரு துணிமூட்டை, ஒரு பித்தளைக் கூஜா, முந்தானை முடிச்சில் ஒரு பிடி விதை.

படத்தில் சூன்ஜா பாட்டி வந்திறங்கியதும் பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளையும் நெத்திலிக் கருவாட்டையும் எடுத்து மகள் கையில் கொடுக்கிறார். அவற்றைப் பார்த்ததும் மோனிகா அழுதுவிடுகிறார். அந்த இடத்தில் எனக்கும் அழுகை வந்தது. பேரன் டேவிட்டுக்கோ பாட்டியைப் பிடிக்கவில்லை. பாட்டி மேல் கொரியா வாடை வீசுகிறது என்கிறான். அவன் கொரியாவைப் பார்த்ததே இல்லை. பாட்டி என்றால் பிஸ்கட் சுட்டுத் தர வேண்டும், கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று அவன் நினைக்கிறான். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பாட்டி லுங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, கன்னத்தில் சந்தன நிறத்தில் தனக்கா என்ற பர்மிய மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நிற்பார். மற்றப் பிள்ளைகளின் பாட்டிகள் எல்லாம் சேலையில் வருவார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு நாள், அது யார் என்று கேட்ட தோழியிடம் எங்கள் வீட்டில் வேலை செய்பவர் என்று சொன்னேன். பாட்டி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வழியில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்; வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த ஐஸின் சேமியா இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

அந்த விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மாக்காரர்கள் வாரத்தில் பல நாள் சமைக்கும் ஒரு புளிப்புக் கீரை உண்டு. சின்பவுங் என்பார்கள், பர்மிய மொழியில் சின் என்றால் புளிப்பு. அதைக் கருவாட்டுடன் சேர்த்து வதக்குவார்கள். மதராசில் அது கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, பாட்டி விதையை முடிந்துகொண்டு வந்தார். வந்த மூன்றாம் நாள் வியாசர்பாடிச் சந்தையில், ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா அதே கீரையைக் கட்டுக்கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தாராம். இங்கே அதற்குப் பெயர் புளிச்சகீரை. கடல் கடந்து ஒளித்துக் கொண்டுவந்தது இங்கே காலணாவுக்குக் கட்டாகக் கிடைத்தது. பாட்டி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்று அம்மா சொல்வார். மகிழ்ச்சியா துக்கமா என்று அம்மாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

கோழி மருத்துவன்

நான் கால்நடை மருத்துவன். நாமக்கல் பகுதியில் குஞ்சுப் பொரிப்பகங்களில் பணியாற்றிவிட்டு இப்போது மாதவரத்தில் வசிக்கிறேன். படத்தில் வரும் அந்த வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சைக் கையில் எடுத்து, ஆசனவாயை மெல்ல விரித்து, உள்ளே கடுகைவிடச் சிறிய புடைப்பு இருக்கிறதா என்று பார்த்து ஆண், பெண் பிரிப்பது ஜப்பானில் 1920களில் மசூய் என்ற பேராசிரியரின் குழு உருவாக்கிய முறை. கைதேர்ந்தவர் மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் குஞ்சுகளைப் பிரிப்பார். படிப்பினால் அது வராது. கையும் கண்ணும் பழக வேண்டும். ஜப்பானியரும் பின்னர் கொரியரும் இந்தத் திறமையை வைத்தே பல நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். மொழி தெரியாத ஊரிலும் இந்தக் கை சோறு போடும். இப்போது பல இனங்களில் இறகின் நீளத்தை வைத்தே பிரித்துவிட முடிகிறது.

ஜேக்கப் விரைவாகப் பிரிக்கிறார். மோனிகா தயங்கித் தயங்கிப் பிரிக்கிறார், வீட்டுக்கும் எடுத்து வந்து பயிற்சி செய்கிறார். பொரிப்பகத்தின் புகைபோக்கியைப் பார்த்து அது என்ன என்று டேவிட் கேட்கும்போது, ஆண் குஞ்சுகளை அங்கே அழிக்கிறார்கள் என்கிறார் ஜேக்கப். அவை முட்டையிடாது, சுவையாகவும் இருக்காது, எனவே நீயும் நானும் பயனுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறார். என் பணிக்காலத்தில் கூடை கூடையாக அதைப் பார்த்தவன் நான். ஜேக்கப்பின் பிடிவாதத்தைக் கர்வம் என்று பலர் விமர்சிக்கிறார்கள். நாளெல்லாம் பயனற்றது, பயனுள்ளது என்று உயிர்களைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், தாம் எந்தக் கூடையில் விழுவோம் என்று பயப்படுகிறார் என்றே எனக்குத் தோன்றியது.

நெய்தல் (நீலாங்கரை)

மயிலைவாசி அம்மா, என்னை மன்னியுங்கள். நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நீங்கள் சொன்னது சரி. ஜேக்கப் வயலுக்குத் திருப்பிய தண்ணீர் மோனிகா பாத்திரம் கழுவும் தண்ணீர் என்பதை நான் ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறேன். குழாயைத் திறந்ததும் காற்று மட்டும் வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் மோனிகாதான்.

மருத்துவர் ஐயா சொன்ன பயம் எனக்குப் புதிய வெளிச்சமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளன் (அண்ணா நகர்)

மொழியைப் பற்றியும் பேச வேண்டும். இந்தப் படம் அமெரிக்காவில், அமெரிக்க நிறுவனங்களின் தயாரிப்பில், அமெரிக்காவில் பிறந்த ஓர் இயக்குநரால் எடுக்கப்பட்டது. ஆனாலும் உரையாடலில் பாதிக்கு மேல் கொரிய மொழி என்ற காரணத்தால், 2021 கோல்டன் குளோப் விருதுகளில் இது அயல்மொழிப் படப் பிரிவில்தான் வைக்கப்பட்டது. அந்த விருதைப் பெற்றபோது இயக்குநர், இது தனக்கென ஒரு மொழியைப் பேசக் கற்க முயலும் ஒரு குடும்பத்தின் கதை என்ற பொருளில் பேசினார். அதே ஆண்டு ஆஸ்கரில் சிறந்த படம், இயக்கம், நடிகர், திரைக்கதை உட்பட ஆறு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, பாட்டியாக நடித்த யுன் யோ-ஜோங் சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். நடிப்புக்காக ஆஸ்கர் பெற்ற முதல் கொரியர் அவர். அவரே இளமையில் திருமணமாகி அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தாண்டுகள் வாழ்ந்துவிட்டு, 1980களில் கொரியா திரும்பி மீண்டும் நடிக்க வந்தவர்.

வீட்டுக்குள் யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் சண்டை போடுவது கொரிய மொழியில். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலத்தில். பெற்றோர் உரக்கச் சண்டையிடும்போது, அக்காவும் தம்பியும் சண்டை போடாதீர்கள் என்று காகிதத்தில் எழுதி, அம்புபோல் மடித்துக் கூடத்துக்குள் எறிகிறார்கள். வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த மொழி அதுதான்.

நிலத்தடி (கிண்டி)

நான் நிலத்தடி நீர்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒரு விஷயத்தில் எனக்குப் படத்தின் மீது மனக்குறை உண்டு. கடைசியில் ஜேக்கப் நீரோட்டம் பார்ப்பவரை வரவழைக்கிறார். குச்சி ஓரிடத்தில் தாழ்கிறது. படம் அதை ஒரு மனமாற்றமாகக் காட்டுகிறது. நம் ஊரிலும் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டும் கவட்டை வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டும் நடப்பவர்களை நம்பி, கடன் வாங்கி அறுநூறு அடி, எண்ணூறு அடி துளையிட்டுப் புழுதி மட்டும் பார்த்த விவசாயிகளை நான் அறிவேன். முறையாக நடத்தப்பட்ட சோதனைகளில் இந்த வித்தை தற்செயலைவிடச் சிறப்பாக எதையும் கண்டதில்லை. மரத்தையும் நிலத்தின் சரிவையும் பார்த்து ஜேக்கப் முதலில் போட்ட கணக்குத்தான் சரியான திசை. அவர் தவறியது வேறு இடத்தில்: ஒரு கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு தரும், எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஊறும் என்று இறைத்துப் பார்த்து அளக்காமல், அதை நம்பி முழு வயலையும் பயிரிட்டார். நெய்தல் அவர்களின் தெருவில் நடந்ததும் அதேதான். கடலோர மணலில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஊறுவதைவிட அதிகம் இழுத்தால் கடல் உள்ளே வரும். மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் இறுதியிலிருந்தே இதைப் பார்த்துவருகிறோம்.

கும்மிடிப்பூண்டி முகாம்வாசி

வணக்கம். நீண்ட நாட்களாக வாசிக்கிறேன், முதன்முறையாக எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் ஜேக்கப் நிலத்தை எப்படி நடத்தினார் என்று பேசுகிறீர்கள். அவர் நிலம் வாங்கினார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. நான் 1990இல், ஏழு வயதில், படகில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்தவன். எனக்கு இந்த ஊர்ப் பள்ளிச் சான்றிதழ் உண்டு, இந்த ஊர்ப் பெயிண்டிங் வேலை உண்டு. ஆனால் இலங்கைக் குடிமகன் என்ற முறையில், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் ஒரு சென்ட் நிலம் என் பெயரில் வாங்க முடியாது. இங்கே பிறந்த என் மகளுக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. ஜேக்கப் தோற்பதற்குக்கூட அவருக்கு ஒரு நிலம் இருந்தது. அவர் விரும்பிப் போனவர். நாங்கள் ஓடி வந்தவர்கள். இரண்டையும் ஒரே சொல்லால் புலம்பெயர்வு என்று சொல்லும்போது எனக்கு உள்ளே ஏதோ உறுத்துகிறது.

ஆனாலும் அந்தச் சக்கரம் வைத்த வீடு எங்களுடையது. மயிலைவாசி அக்கா எழுதியபோது எனக்கு எங்கள் அம்மாவின் எண்ணெய் டின்கள் ஞாபகம் வந்தன. பத்துக்குப் பத்து அடி அறைக்கு வெளியே, வெட்டிய எண்ணெய் டின்களில் மண் நிரப்பிக் கறிவேப்பிலையும் வெண்டையும் பச்சை மிளகாயும் வைத்திருந்தார். தரையில் ஏன் நடக்கூடாது என்று கேட்டால், ஊருக்குப் போகும்போது டின்னைத் தூக்கிக்கொண்டு போகலாம், வேரைத் தூக்க முடியாது என்பார். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் வந்தது. சாவி கையில் வந்த மறுவாரம் அம்மா யாரிடமோ ஒரு முருங்கைப் போத்து வாங்கி வந்து, சுவரை ஒட்டித் தரையில் ஊன்றி, வெட்டுவாயில் சாணி அப்பிவைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

மயிலைவாசி

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நிலத்தடி ஐயாவின் மனக்குறைக்கு ஒரு பதில். அந்தக் கடைசிக் காட்சியில் ஜேக்கப் தனியாக இல்லை. மோனிகாவும் கூடவே நடந்து வருகிறார். களஞ்சியம் எரிந்து, விளைச்சல் முழுவதும் போன பிறகு நடக்கும் காட்சி அது. பக்கவாதத்தால் ஒரு கை சரியாக இயங்காத பாட்டி குப்பை எரிக்கும்போது தீ பரவிவிடுகிறது. புகைக்குள் இருவரும் காய்கறிப் பெட்டிகளை இழுக்கிறார்கள். பிறகு பெட்டிகளை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். குற்ற உணர்வில் பாட்டி இருட்டில் எங்கோ நடந்துபோக, ஓடவே கூடாது என்று வளர்த்த டேவிட் முதன்முறையாக ஓடிப் போய் அவரை மறிக்கிறான். அதன் பிறகுதான் குச்சிக்காரர் வருகிறார். குச்சி சரியா தவறா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். இத்தனை நாள் கணவர் தனியே எடுத்த முடிவை இப்போது இருவரும் நின்று பார்த்து எடுக்கிறார்கள் என்பதையும், அந்த இடத்தில் அடையாளக் கல்லை வைக்கும்போது மோனிகாவும் அங்கே இருக்கிறார் என்பதையும்தான் நான் கவனித்தேன்.

நிலத்தடி (கிண்டி)

அம்மா, அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஏற்கிறேன். குச்சியைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. காட்சியைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

நெய்தல் (நீலாங்கரை)

முகாமிலிருந்து எழுதிய நண்பருக்கு: புதிய ஊருக்குப் போகிறவர் என்று நான் தொடக்கத்தில் பொதுவாக எழுதியதில் உங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

பர்மா பேத்தி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கீரை சந்தையிலேயே கிடைத்துவிட்டது என்று எழுதினீர்கள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அந்த விதையைப் பாட்டி என்ன செய்தார்?

பர்மா பேத்தி (வியாசர்பாடி)

விதைத்தார், ஐயா. எங்கள் தெருமுனையில் ஓர் அடிபம்பு இருந்தது. எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தை வைத்து அடிக்கும்போது சிந்தும் தண்ணீர், சிமெண்டு மேடையிலிருந்து வழிந்து ஒரு சிறு பள்ளத்தில் தேங்கும். பாட்டி அந்தப் பள்ளத்துக்குச் சற்று மேலே, ஈரம் எப்போதும் இருக்கும் ஆனால் தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்துத் தூவினார். சிவந்த தண்டோடு இடுப்புயரம் வளர்ந்தது. சந்தையில் வாங்கிய கீரையையும் அதையும் அருகருகே வைத்துப் பார்த்து, நம்முடையதில்தான் புளிப்பு அதிகம் என்று பாட்டி சாதிப்பார். அம்மாவுக்கு இரண்டிலும் வேறுபாடு தெரியாது. தெருவில் எவர் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். பாட்டி யாரையும் தடுத்ததில்லை. மினாரி எங்கும் வளரும், ஏழையும் பணக்காரரும் பறித்துச் சாப்பிடலாம் என்று சூன்ஜா பேரனிடம் சொல்லும்போது, எனக்கு அந்தப் பம்படியும் அங்கே நின்ற பெண்களும்தான் தெரிந்தார்கள்.

பாட்டி 1996இல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பம்பும் வற்றி, சாலை போட்டபோது மேடையையும் இடித்துவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் பாட்டி நினைவு நாளன்று அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் செய்வோம்; பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்து அம்மாதான் கையால் பிசைவார். கூடவே அந்தக் கீரையும் கருவாடும் இருக்கும்.

எங்கள் வீட்டில் அதற்கு இன்றும் பெயர் சின்பவுங்தான். போன வாரம் என் மகளைக் கீரை வாங்க அனுப்பினேன். வண்டிக்காரம்மாவிடம் சின்பவுங் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு கீரை இல்லை என்று அவர் சொல்ல, மகள் வண்டியில் தேடி, அடியில் கிடந்த புளிச்சகீரைக் கட்டை உருவி, இதோ இருக்கிறதே என்று காட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.